தூக்கிய ஜிப்சி, ஜிம்னிக்கு ஏடி டயர்: உரசினால், ஆடினால், இழுக்காவிட்டால் எங்கே பார்ப்பது

என்னிடம் இருப்பது லிஃப்ட் கிட் போட்டு இரண்டு அங்குலம் தூக்கிய பழைய மாருதி ஜிப்சி கிங். ஊர் நாமக்கல். தடுக்கி விழுந்தால் டயர் கடை வாசலில்தான் விழ வேண்டும், அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டே முதல் முறை டயர் தேர்வில் கோட்டை விட்டேன். 235/75 ஆர்15 ஏடி டயர் (ஆல் டெரெய்ன், தார் ரோட்டுக்கும் காட்டுப்பாதைக்கும் பொதுவானது), அதுவும் லைட் டிரக் ரகமான எல்டி. பார்க்க எருமைக்கடா மாதிரி இருந்தது, அவ்வளவுதான் யோசித்தேன். போட்ட வாரமே கொல்லிமலை ஏறினேன். 70 கொண்டை ஊசி வளைவு. ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும் இடத்திலெல்லாம் உரசல், வளைவு தாண்டினால் இரண்டாம் கியர் இழுக்காமல் திரும்ப முதல் கியர். இறங்கி வந்து எங்கள் தெரு முனையில் ரொம்ப வருடமாக லாரி டயர் பார்க்கும் அண்ணனிடம் காட்டினேன். சுற்றி வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, குருவிக்கு எதுக்கு இரும்புச் செருப்பு?" என்றார்.

அந்த ஒரு வரியிலேயே விஷயம் முடிந்துவிட்டது. ஜிப்சி கிட்டத்தட்ட ஒரு டன், ஐந்து கதவு ஜிம்னி 1,200 கிலோ. இந்த எடைக்கு மஹிந்திராவின் தார், ஸ்கார்ப்பியோ போல டயர் தேடினால் வரும் தொல்லைகளைத்தான் கீழே ஒவ்வொன்றாக எழுதுகிறேன். உங்கள் வண்டி எந்தத் தொல்லை தருகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் முதலில் வரும் கணக்கை மட்டும் படித்துவிட்டுப் போங்கள், மற்ற எல்லாவற்றுக்கும் அது வேண்டும்.

முதலில் கொஞ்சம் கணக்கு

ஜிம்னியின் கம்பெனி டயர் 195/80 ஆர்15. 195 என்பது அகலம், மில்லிமீட்டரில். அதில் 80 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 156. மேலே ஒன்று கீழே ஒன்று, 312. நடுவில் 15 அங்குல ரிம், 381. கூட்டினால் 693 மிமீ. ஜிப்சி கிங்குக்கு 205/70 ஆர்15, இதே கணக்கில் 668. இப்போது 215/75 ஆர்15 போட்டால் 703, 235/75 ஆர்15 போட்டால் 733.

ஜிம்னியில் 235க்குப் போனால் விட்டம் 40 மிமீ கூடும், ஆனால் தரையிலிருந்து உயர்வது அதில் பாதி, 20 மிமீ தான். இந்த 20 மிமீயை இளக்காரமாக நினைக்க வேண்டாம். இரண்டு வண்டிக்கும் முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்ஸில், அதாவது இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே முழு அச்சு. லிஃப்ட் கிட் பாடியைத்தான் தூக்கும், கல்லில் போய் இடிக்கிற டிஃப்ரன்ஷியல் ஹவுசிங் (ஆக்ஸிலில் உருண்டையாகத் தொங்கும் பல்சக்கரப் பெட்டி) அதே இடத்தில்தான் தொங்கும். அதைத் தூக்க டயரால் மட்டுமே முடியும். அதனால்தான் பெரிய டயர் ஆசை வருகிறது, அந்த ஆசையில் தப்பில்லை. எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி.

இன்னொரு எண் ரிம் அகலம். ஜிம்னியின் கம்பெனி ரிம் 5.5 அங்குலம். 215/75க்கு அது போதும், 235/75க்குக் குறைந்தது 6 அங்குலம் வேண்டும். கடையில் 235ஐ 5.5 ரிம்மில் ஏற்றித் தருவார்கள், ஏறவும் செய்யும். டயர் நடுவில் உப்பி, ஓரம் தரையில் சரியாகப் படியாமல் ஓடும். நான் ஓட்டியதும் அப்படித்தான்.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உரசுகிறது

எங்கே உரசுகிறது என்று தெரியாமல் எதையும் வெட்ட வேண்டாம். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பைக் கொஞ்சம் தண்ணீராகக் கரைத்து, முன் டயர் இரண்டிலும் உள்பக்கத் தோள், வெளிப்பக்கத் தோள் இரண்டு இடத்திலும் தாராளமாகப் பூசுங்கள். காலியான இடத்தில் மெதுவாக இடப்பக்கம் ஒரு முழு வட்டம், வலப்பக்கம் ஒரு முழு வட்டம், அப்புறம் பின்னோக்கியும் அதே போல. இறங்கிக் குனிந்து பாருங்கள். டயர் தொட்ட இடத்தில் வெள்ளை அச்சு விழுந்திருக்கும்.

அச்சு உள்பக்கம் விழுந்திருந்தால், ஜிம்னியில் ஆக்ஸிலைச் சேஸிஸோடு பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம், ஜிப்சியில் லீஃப் ஸ்பிரிங் பட்டை. இதற்கு இன்னும் ஒரு அங்குலம் தூக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த ஆர்மும் டயரும் ஒரே ஆக்ஸிலைப் பிடித்துக்கொண்டு சேர்ந்தே ஏறி இறங்குபவை. பாடியை எவ்வளவு தூக்கினாலும் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மாறாது. இதற்கு மூன்று வழிதான் உண்டு. நக்கிளில் (சக்கரம் திரும்பும் மூட்டு) இருக்கும் ஸ்டாப்பர் போல்ட்டைக் கொஞ்சம் வெளியே எடுத்து ஒடிப்பைக் குறைப்பது ஒன்று. காசு செலவில்லை, ஆனால் வண்டி திரும்பும் வட்டம் பெரிதாகும், கொண்டை ஊசியில் அது தெரியும். ரிம்மை மாற்றி டயரை வெளியே தள்ளுவது இரண்டாவது. மூன்றாவது, குறுகலான டயர். ஸ்பேசர் (ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் வட்டத் துண்டு) போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஹப்பில் கச்சிதமாக உட்காரும் நல்ல ஸ்பேசர் என்றால் ஓடும், ஆனால் பேரிங் மேல் சுமை கூடும், நட்டை மறக்காமல் அவ்வப்போது இறுக்கிப் பார்க்க வேண்டும். தெருவோரத்தில் கிடைக்கும் வார்ப்பு அலுமினியத் துண்டை நம்பிக் காட்டுக்குப் போகாதீர்கள்.

அச்சு வெளிப்பக்கம், பம்பர் மூலையிலோ மட்கார்டுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கிலோ விழுந்திருந்தால் கவலையில்லை. பிளாஸ்டிக்கைப் பின்னால் இழுத்துக் கிளிப் போடலாம், ஓரத்தை அறுத்துவிடலாம். மட்ஃப்ளாப்பைக் கழற்றினாலே பாதிப் பேருக்கு உரசல் போய்விடும்.

சமதரையில் சத்தமே இல்லை, பள்ளத்தில் விழும்போது மட்டும் மேலே தட்டுகிறது என்றால் அது வேறு. ஒரு முன் சக்கரத்தைத் திண்ணை உயரக் கல் மேல் ஏற்றி நிறுத்தி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே கை நுழைகிறதா பாருங்கள். நுழையவில்லை என்றால் ஆக்ஸில் அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பை நீளமாக்க வேண்டும். லிஃப்ட் உதவுவது இந்த ஒரு உரசலுக்குத்தான்.

மலையில் இழுக்கவில்லை, மைலேஜும் விழுந்துவிட்டது

ஜிப்சியில் 668லிருந்து 733க்குப் போனால் சக்கரம் 10 சதவீதம் பெரிதாகிறது. ஒவ்வொரு கியரும் 10 சதவீதம் உயரக் கியராகிவிட்டது போலத்தான். இரண்டாம் கியர் இரண்டேகால் மாதிரி ஆகிவிடும். அதோடு எடை. எல்டி ரக ஏடி டயர் ஒன்று, கம்பெனி டயரைவிட ஐந்தாறு கிலோ கூட இருக்கும், அந்த எடையும் சுற்றுகிற எடை, விளிம்பில் இருக்கிற எடை. 1.3 லிட்டர் எஞ்சின் அதைச் சுழற்றவும் வேண்டும், பிரேக் அதை நிறுத்தவும் வேண்டும். பிரேக்குக்கும் அதே கஷ்டம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் டயர் மேல் பழி போடும் முன் ஒரு சின்னச் சோதனை. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, பிரேக்கை அதிகம் தொடாமல் நிறுத்தி, நான்கு சக்கரத்தின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டு போங்கள் (தொட வேண்டாம், சுட்டுவிடும்). ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. என் நண்பர் ஒருவர் டயரைத் திட்டிக்கொண்டே நான்கு மாதம் ஓட்டினார், கடைசியில் பார்த்தால் ஹேண்ட் பிரேக் கேபிள்.

மைலேஜ் விஷயத்தில் பாதி கண்கட்டு. சக்கரம் பெரிதானால் கிலோமீட்டர் மீட்டர் குறைத்துக் காட்டும். ஜிம்னியில் 235/75 போட்டு உண்மையில் 1,000 கிலோமீட்டர் ஓடினால் மீட்டரில் 945 தான் ஏறும். அதை வைத்து லிட்டருக்கு எவ்வளவு என்று பார்த்தால் விழுந்த மாதிரித் தெரியத்தான் செய்யும். முதலில் மீட்டர் கணக்கை 1.06 ஆல் பெருக்குங்கள், அப்புறமும் குறைந்தால் அது நிஜக் குறைவு. வேகமும் அப்படியே. மீட்டர் 80 காட்டும்போது வண்டி 85 பக்கம் போய்க்கொண்டிருக்கும். ஜிப்சியில் 60 காட்டினால் 66. கம்பெனி மீட்டர்கள் கொஞ்சம் கூட்டிக் காட்டும் பழக்கம் உள்ளவை என்பதால் ஓரளவு சரிக்கட்டிவிடும், அதை நம்பி வேகக் கேமராவுக்கு முன் போகாதீர்கள்.

தீர்வு என்று கேட்டால், கிரவுன் பினியன் (ஆக்ஸிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி) மாற்றி, இழுவை கூடிய தாழ்ந்த கியருக்குப் போகலாம், அது பணக்கார வேலை. 215/75 போட்டால் ஜிப்சிக்கு 5 சதவீதம், ஜிம்னிக்கு ஒன்றரை சதவீதம், அவ்வளவுதான் மாற்றம். இன்னொரு லாபம், பொலேரோவுக்கு வருவது இதே 215/75 ஆர்15. எந்த ஊரில் டயர் கிழிந்தாலும் அந்த ஊர்க் கடையில் ஒன்று கிடைத்துவிடும். காட்டுப்பாதைக்குப் போகிறவனுக்கு இதைவிடப் பெரிய வசதி எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

60, 70இல் ஸ்டியரிங் நடுங்குகிறது

இது நீளமான பகுதி, காரணம் இங்கேதான் ஆட்கள் அதிகப் பணத்தை வீணாக்குகிறார்கள். மலிவானதிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் ரிம்மின் உள்பக்கத்தைக் கழுவுங்கள். நிஜமாகத்தான். சேற்றில் ஓட்டிவிட்டு வந்து வெளியே மட்டும் பளபளவென்று கழுவுவோம், உள்ளே ஒரு பக்கம் களிமண் காய்ந்து கல்லாக ஒட்டிக்கொண்டிருக்கும். கால் கிலோ மண் ஒரே பக்கம் இருந்தால் எந்தச் சக்கரம் ஆடாமல் ஓடும்? திருப்புளியால் சுரண்டி எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். நானே இதற்காக ஒருமுறை பேலன்சிங் கடைக்குப் போய், அந்தப் பையன் சக்கரத்தைக் கழற்றியதும் சிரித்ததைப் பார்த்துவிட்டு வந்தவன்.

அப்புறம் பேலன்சிங். அலாய் ரிம்மில் ஒட்டுகிற வெயிட், தண்ணீரிலும் சேற்றிலும் ஓடினால் உதிர்ந்துவிடும். ஒட்டிய தடம் இருந்து வெயிட் இல்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது. அடுத்து ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, டயர் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு பேனாவை அசையாமல் பிடித்துக்கொண்டு சுழற்றுங்கள். பேனாவுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைந்தால் டயர் வட்டமாக இல்லை, அல்லது ரிம் நெளிந்திருக்கிறது. எத்தனை வெயிட் ஒட்டினாலும் அது அடங்காது.

இதெல்லாம் சரி, இன்னும் ஆடுகிறது என்றால் டயரை விட்டுவிட்டு ஆக்ஸிலுக்கு வாருங்கள். தூக்கிய சக்கரத்தை மேலேயும் கீழேயும், கடிகாரத்தில் 12க்கும் 6க்கும், இரண்டு கையால் பிடித்து ஆட்டுங்கள். டக் டக் என்று ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்கவில்லை என்றால் கிங்பின் பேரிங், அதாவது நக்கிள் திரும்புகிற இடத்துப் பேரிங். பழைய ஜிப்சியில் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். சின்ன டயரில் அது சத்தமில்லாமல் தேய்ந்துகொண்டிருக்கும். பெரிய கனமான டயர் போட்டவுடன் வெளியே வரும், பழி டயருக்குப் போகும்.

ஜிம்னியில் அதோடு லேட்டரல் ராடின் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) புஷ்ஷையும் பாருங்கள். வண்டி தரையில் நிற்க, எஞ்சின் ஓட, ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் வேகமாக ஆட்ட, நீங்கள் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். ராட் முனையில் போல்ட் துள்ளினால் அதுதான் ஆள். டை ராட் முனைகளும் இதே சோதனையில் தெரிந்துவிடும்.

கடைசியாக காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம். லிஃப்ட் செய்யும்போது முன் ஆக்ஸில் கொஞ்சம் உருண்டு காஸ்டர் கோணம் குறைகிறது. ஜிப்சியில் நீள ஷாக்கிள் (லீஃப் ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸில் தொங்கவிடும் துண்டு) போட்டாலும் அதேதான். காஸ்டர் குறைந்தால் ஸ்டியரிங் வளைவிலிருந்து தானாகத் திரும்பி வராது, நேர் ரோட்டில் வண்டி குடித்தவன் மாதிரி அலையும், ஒரு பள்ளத்தில் விழுந்தால் நடுக்கம் பிடித்துக்கொள்ளும். ஜிம்னிக்குக் காஸ்டர் திருத்தும் புஷ் கிடைக்கிறது, ஜிப்சிக்கு லீஃபுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு மாதிரி ஒரு தகடு வைப்பார்கள். லிஃப்ட் போட்டவர் இதைப் பற்றிப் பேசவே இல்லை என்றால், அவர் வேலையைப் பாதியில் விட்டிருக்கிறார்.

ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர்) மாற்றினால் சரியாகிவிடும் என்று விற்பார்கள். நடுக்கம் அடங்கும், நோய் அப்படியே இருக்கும். மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்த்த பிறகு மாற்றுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பேய் நடுக்கம் பிடித்துக்கொண்டால், சடாரென்று பிரேக் அடிக்காமல், ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை விட்டு, வேகத்தைத் தானாக இறங்க விடுங்கள்.

தூக்கித் தூக்கிப் போடுகிறது, மழையில் வழுக்குகிறது

ஏறத்தாழ எப்போதும் காற்றுதான் காரணம், அல்லது எல்டி டயர், அல்லது இரண்டும் சேர்ந்து. டயரின் பக்கத்தில் அளவுக்குப் பின்னால் ஒரு எண் இருக்கும். 96 என்றால் அந்த டயர் 710 கிலோ தாங்கும், 100 என்றால் 800, 104 என்றால் 900. ஜிப்சியில் ஒரு சக்கரத்தின் மேல் நிற்பது ஆளும் சாமானும் சேர்ந்து 300 கிலோ சொச்சம். 900 கிலோவுக்குக் கட்டிய பக்கச்சுவர் 300 கிலோவுக்கு ஏன் வளைந்து கொடுக்கப்போகிறது? கம்பெனி டயருக்குரிய எண்ணைவிடக் குறையக் கூடாது, அது மட்டும்தான் விதி. கூடினால் நல்லது என்று ஒரு விதியும் இல்லை. சுமக்காத எடைக்கு ரப்பரும் நூலும் வாங்குகிறோம்.

அகலமான டயர் போட்டால் தரையில் அதிகம் படியும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சக்கரத்தில் 280 கிலோ, காற்று 28 பிஎஸ்ஐ. அதாவது சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2 கிலோ. ஆகவே தரையில் படியும் பரப்பு சுமார் 140 சதுர செமீ, விரல்களோடு சேர்த்து ஒரு கை. அகல டயரில் அந்தக் கை குறுக்காகத் திரும்பும், ஒல்லி டயரில் நீளவாக்கில் இருக்கும், பரப்பு அநேகமாக அதேதான். காற்றை 14க்கு இறக்குங்கள், இரண்டு கை ஆகிவிடும். பரப்பைக் கூட்ட விரும்பினால் கையில் இருக்க வேண்டியது காற்றுமானி.

சரியான காற்று எவ்வளவு? கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் கம்பெனி டயருக்கு. அங்கே தொடங்கி, சாக்பீஸால் டயர் முகத்தில் குறுக்காக ஒரு தடித்த கோடு போட்டு, சமமான தார் ரோட்டில் நேராக முப்பது மீட்டர் ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு, முழுக்க ஒரே சீராக அழிந்தால் அதுதான் உங்கள் எண். இன்னொரு வழி, காலையில் சில்லென்று இருக்கும்போது ஒரு அளவு, ஒரு மணி நேரம் ஓட்டிய பின் ஒரு அளவு. 4 பிஎஸ்ஐ ஏறியிருந்தால் சரி. அதைவிட அதிகம் ஏறினால் டயர் வளைந்து வளைந்து சூடாகிறது, காற்று போதவில்லை. என் 215/75 சாதா ரக ஏடியில் தார் ரோட்டுக்கு 26, ஆட்களும் சாமானும் நிறைய என்றால் பின்னால் 28. அந்த எல்டி டயரில் கடைக்காரப் பையன் கேட்காமலே 35 அடித்து அனுப்புவான், பெட்டியில் முட்டை வைத்து ஓட்டுவது போல இருக்கும்.

காற்றும் சரி, டயரும் புதிது, ஆனாலும் ஈர ரோட்டில் பின்பக்கம் நழுவுகிறது என்றால் பட்டன்களை, அதாவது டயர் முகத்து ரப்பர்க் கட்டைகளைப் பாருங்கள். பட்டனுக்கு மேல் கத்தியால் கீறியது போல மெல்லிய கோடுகள் இருக்க வேண்டும். ஈரத்தில் பிடிப்பது அந்தக் கோடுகள்தான். பெரிய பெரிய கட்டைகளாக, கோடே இல்லாமல் இருந்தால் ஏடி என்று எழுதியிருந்தாலும் அது பாதி எம்டி, அதாவது சேற்றுக்கான மட் டெரெய்ன் டயர். மலைச்சின்னத்துக்குள் பனிச்செதில் வரைந்த ஒரு முத்திரையைக் காட்டி விலை சொல்வார்கள், அது பனியில் ஓட்டுவதற்கு. கொல்லிமலையில் பனிமூட்டம் வரும், பனிக்கட்டி வராது.

ஹூம் என்று இரைச்சல்

புது ஏடி டயர் கொஞ்சம் முனகும். அது பிறவிக் குணம், பழகிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் முதலில் இல்லாமல் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வர ஆரம்பித்தால் விசாரிக்க வேண்டும். ஆளில்லாத ரோட்டில் 50இல் போய்க்கொண்டே மெதுவாக இடமும் வலமும் வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வளைக்கும்போது மட்டும் சத்தம் கூடினால் பேரிங். ரோடு மாறும்போது, கரடுமுரடு தாரிலிருந்து வழவழ கான்கிரீட்டுக்குப் போகும்போது, சத்தம் மாறினால் டயர்.

டயர் என்றால் உள்ளங்கையை டயர் முகத்தில் வைத்து முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போய், மறு திசையில் ரம்பப் பல் மாதிரி கீறினால் பட்டன்கள் சாய்வாகத் தேய்ந்திருக்கின்றன. இடம் மாற்றாமல் ஓட்டியதன் கூலி. 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னதைப் பின்னால், பின்னதை முன்னால். ஸ்டெப்னியும் ஏடி என்றால் அதையும் சுழற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேய்மானம் ஒரு பக்கமாக

நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம், அல்லது குறுகல் ரிம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் என்றால் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. ரிஜிட் ஆக்ஸிலில் சாதாரணமாகத் திருப்பி வைக்க முடிவது டோ மட்டுமே. கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு) செட் செய்யத் தனிக் காசு கேட்கிற அலைன்மென்ட் கடையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

சேற்றில் சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை

எந்த மண் என்பதுதான் இங்கே கேள்வி. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கக் கரிசல் மழையில் நனைந்தால் ஏடி டயரின் பள்ளங்களை நாலு சுற்றில் அடைத்துவிடும், அப்புறம் உங்களிடம் இருப்பது மொட்டை டயர்தான். அங்கே காற்றைக் குறைத்தால் ஓரளவு உதவும், சில சமயம் சக்கரத்தைக் கொஞ்சம் வேகமாகச் சுற்றி மண்ணை உதற வேண்டும், ஆனால் ஈரக் கரிசலுக்கு ஏடி சரியான டயர் இல்லை என்பதே உண்மை. வருடத்தில் நான்கு நாள் அந்த மண்ணில் போவதற்காக மீதி நாளெல்லாம் எம்டி டயரின் அலறலைக் கேட்க வேண்டுமா என்பது உங்கள் முடிவு. நான் வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன், மழை நாளில் கரிசல் காட்டுக்குள் இறங்குவதில்லை.

மணல் வேறு கதை. தூத்துக்குடிப் பக்கத் தேரிக்காட்டுச் செம்மணலில் பட்டனுக்கு வேலையே இல்லை, எல்லாம் காற்றுதான். 14, 15க்கு இறக்கினால் ஜிப்சி படகு மாதிரி மிதந்து போகும். 28இல் அதே வண்டி அச்சு வரை புதையும். இறக்கிய காற்றோடு சடக்கென்று வளைக்காதீர்கள், டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார் ரோடு ஏறும் முன் திரும்ப ஏற்றுங்கள், அதற்கு வண்டியிலேயே ஒரு சின்ன கம்ப்ரசர் வேண்டும், பங்க் வரை போய்க்கொள்ளலாம் என்று போனால் டயரின் உள்சுவர் வெந்துவிடும்.

கல்லும் வேரும் நிறைந்த மலைப்பாதையில் 18 பிஎஸ்ஐ எனக்குப் பிடித்த எண். டயர் கல்லைக் கட்டிக்கொண்டு ஏறும். இங்கேதான் மென்மையான சாதா ரக டயருக்கும் எல்டிக்கும் உள்ள வித்தியாசம் கையில் தெரியும். ஆனால் பக்கச்சுவர் கிழியும் ஆபத்து சாதா ரகத்துக்கு அதிகம், அதை மறைக்கவில்லை. சக்கரம் எங்கே போகிறது என்று பார்த்து ஓட்டினால் சமாளிக்கலாம்.

ஃபோர் வீலிலிருந்து லீவர் திரும்பி வரவில்லை

பல்லிணைப்பு உடைந்துவிட்டது என்று பயந்துவிட வேண்டாம். இரண்டு வண்டியிலும் ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். முன்னால் புது டயர், பின்னால் பாதி தேய்ந்தது என்றால் இரண்டு ஜோடியும் வெவ்வேறு தூரம் ஓடும், அந்த வித்தியாசம் முழுக்க முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸில் முறுக்காகச் சேரும். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலில் வளைத்தாலும் இதே முறுக்கு. நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள், லீவர் தானாக விழும். அடிக்கடி வந்தால் நான்கு டயரின் சுற்றளவையும் தையல்காரர் டேப்பால் அளந்து பாருங்கள். காசு மிச்சம் என்று இரண்டு டயர் மட்டும் வேறு அளவில் வாங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பக்கச்சுவரில் வீக்கம்

கண்ணுக்குத் தெரிகிற வீக்கம் என்றால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. ஒட்டு, உள் பேட்ச், டியூப் போட்டு ஓட்டுவது எல்லாம் கதைக்கு ஆகாது, தூக்கிப் போட வேண்டியதுதான். டயர் முகத்தில் ஆணி ஏறினால் பஞ்சர் கடையில் கயிறு சொருகலாம், நீண்ட பயணத்துக்கு உள்ளிருந்து ஒட்டுகிற மஷ்ரூம் பேட்ச் நல்லது.

மாற்று டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. தள்ளுபடி பெரிதாக இருந்தால் இந்த எண் பழையதாக இருக்கும். பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் சின்ன மேடு 1.6 மிமீ, பட்டன் அதுவரை தேய்ந்தால் சட்டப்படியே டயர் முடிந்தது. சட்டம் என்றதும் இன்னொன்று. உற்பத்தியாளர் குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. மட்கார்டை விட்டு வெளியே துருத்தும் டயர் செக்போஸ்ட்டிலும் இன்சூரன்ஸ் கேட்கும் நாளிலும் பேச்சை வளர்க்கும்.

புது ஸ்டெப்னி போட்டதிலிருந்து பின்கதவு கடகடக்கிறது

கதவில் தொங்கும் எடை கூடிவிட்டது, அவ்வளவுதான். கதவைப் பாதி திறந்து, ஸ்டெப்னியைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். கீல் பக்கம் ஆட்டம் தெரிந்தால் கீல் போல்ட்டை இறுக்க வேண்டும். ஆட்டம் இல்லை என்றால் கதவோரத்து ரப்பர் ஸ்டாப்பர் தேய்ந்திருக்கும், மாற்றிவிடுங்கள். எனக்கு ரப்பர் மாற்றியும் நிற்கவில்லை. 235ஐ ஒரு பழைய சஃபாரிக்காரரிடம் விற்றுவிட்டு 215 மாட்டிய அன்று நின்றது.